மணி அடித்தது, கதவு திறக்கவில்லை

ஆபீசில் எனக்குத் தரகர் என்று பெயர். வைத்தவர்களுக்குக் கொழுப்பு அதிகம், ஆனால் பெயர் பொருத்தம்தான். லிஃப்ட்டை இயக்குகிற புரோகிராம் எழுதுகிற கம்பெனி எங்களுடையது. ஒரே பிரதியில் எல்லோரும் கை வைத்தால் குட்டை குழம்பிவிடும் என்று ஆளுக்கொரு கிளை பிரித்துக்கொண்டு போய்த் தனித்தனியாக எழுதுவார்கள். எழுதி முடித்த கிளையை மெயின் கிளையோடு மறுபடி சேர்க்க வேண்டும். அதைத்தான் மெர்ஜ் என்பது. அது என் மேஜையைத் தாண்டித்தான் நடக்கும். "என்ன தரகரே, பொண்ணு பக்கம் மாப்பிள்ளை பக்கம் ரெண்டும் ஒத்துக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த வேலையில் என்னை மிஞ்ச அந்த ஆபீசில் ஆள் கிடையாது. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது.

என் நாத்தனாரும் அதே ஆபீசில்தான் இருக்கிறாள். என் வீட்டுக்காரரின் தங்கை. லிஃப்ட்டின் கதவு திறப்பது, மூடுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவள் ஆபீசிலிருந்து திரும்பியதும் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்கிற புருஷன் அவளுக்கு வாய்த்தான். போன குளிர்காலத்தில் ஒருநாள் கட்டிய துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவளை வா என்றேன். அதிலெல்லாம் நான் குறை வைக்கவில்லை. ஆனால் வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி, இந்தப் பாத்திரம் சரியா கழுவல." "அண்ணி, இந்த கலர் உங்களுக்கு எடுக்கல." "அண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடி இவ்வளவு இளைச்சு இருந்ததில்ல." எல்லாம் உண்மை. அதுதான் எரிச்சல். பொய்யாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

வீட்டிலேயே பேச்சு குறைந்துபோய், ஆபீசில் ஒருவரையொருவர் பார்த்தால் தலையசைப்பு மட்டும் என்று ஆகியிருந்த சமயத்தில்தான் மேனேஜர் ஒரு காலையில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் யாருக்கோ சீட்டுக் கிழியப்போகிறது என்று அர்த்தம்.

"அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்ல நேத்து ஒரு பேஷண்ட்டோட கைத்தடி கதவுல மாட்டி ரெண்டா உடைஞ்சிருக்கு. நல்லவேளை, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டார். விழல."

"தடி, கம்பு மாதிரி மெல்லிசா எது நடுவுல இருந்தாலும் கதவு திறக்கணும்னு அவங்க முன்னாடியே கேட்டாங்களே சார். செஞ்சாச்சுன்னு சொன்னோமே."

"உங்க நாத்தனார் சொன்னாங்க." அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கதவு புரோகிராமின் வரலாறு அதில் இருந்தது. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று வரிசையாகக் காட்டுகிற பக்கம் அது. "மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டேன். இந்த வேலைக்கு அவங்க பேரே இல்ல. எழுதவே இல்ல. எழுதாம, டெஸ்ட் பண்ணினேன்னு கையெழுத்து வேற போட்டுக் கொடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரி லிஃப்ட் மேடம் இது. விளையாட்டா?"

நானும் பார்த்தேன். அவள் பெயர் இல்லைதான்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஆஸ்பத்திரி இன்ஜினியர் வரார். அவர் வரும்போது, ஆளை அனுப்பியாச்சுன்னு நான் சொல்லணும். எல்லா மெர்ஜும் உங்ககிட்டதான் வருது. இப்படி ஒண்ணு வரவே இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டார். "உங்களுக்கும் அவங்களுக்கும் ஆகாதுன்னு எனக்கும் தெரியும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று நான் வாயைப் பிளந்துகொண்டு வாங்கிக்கொள்வேன் என்று நினைத்தார் போல. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆகாதுதான் சார். ஆனா அவ பொய் சொல்லமாட்டா."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒரே வீட்ல இருக்கேன். அவளுக்குப் பொய் சொல்ல வந்தா எனக்குப் பாதித் தலைவலி இருக்காது."

"அப்போ எழுதினது எங்க போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

"சாப்பாட்டுக்குள்ள சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். எங்கே போயிருக்கும் என்று எனக்கு அப்போது துளியும் தெரியாது. ஆனால் கிளைகளையெல்லாம் பதிந்து வைத்துச் சேர்க்கிற எங்கள் கருவியின் குணம் எனக்குத் தெரியும். அதில் ஒருமுறை பதிந்தது சுலபத்தில் மறையாது. ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

நாத்தனார் பிரிண்டர் பக்கத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். மேஜையைத் துடைத்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து மேஜைக்காரர் எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்து, வாயில் வைத்த பேனாவை எடுக்க மறந்தார்.

"எழுதினியா?"

"எழுதினேன்."

"டெஸ்ட்?"

"பின்கட்டு டெஸ்ட் லிஃப்ட்ல. தடி, குடைக்கம்பி, பென்சில். எல்லாத்துக்கும் திறந்துச்சு."

"உன் கிளை எங்க?"

"மெர்ஜ் ஆனதும் அழிச்சுட்டாங்க. வழக்கம் அதுதானே. பழைய லேப்டாப்பையும் வாங்கிட்டுப் புதுசு கொடுத்துட்டாங்க. காட்டறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல." என்னைப் பார்க்காமல் பேசினாள். "பொய் ரிப்போர்ட் கொடுத்தவன்னு பேர் வந்துட்டா லிஃப்ட் கம்பெனி எதுலயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்க அண்ணி. அண்ணன் வீட்ல சும்மா உக்காந்து சாப்பிட என்னால முடியாது. அங்கதான் திரும்பிப் போகணும்."

அங்கே என்றால் அந்தப் பூட்டு வீட்டுக்கு. அவளுடைய ரோஷம் எனக்குத் தெரியும். போய்விடுவாள். "ஒப்பாரி அப்புறம் வைக்கலாம். இதை எழுதினதுக்கு அப்புறம் என்ன எழுதினே?" என்றேன்.

"மணி. கதவு மூடறதுக்கு முன்னாடி டிங்குனு அடிக்குமே, அது."

"தனிக் கிளையிலயா?"

"இல்ல, அதே கிளைதான். ஃபைல் மட்டும் வேற. இதுக்கு மேலயே எழுதினேன்."

நான் ஆஸ்பத்திரி இன்ஜினியருக்குப் போன் போட்டேன். கோபமாகத்தான் எடுத்தார். "சார், ஒரே ஒரு கேள்வி. உங்க லிஃப்ட்ல கதவு மூடும்போது மணி அடிக்குதா?"

"அதுக்கென்ன குறைச்சல்? மணி அடிச்சுட்டுத்தான் தடியை உடைக்குது."

எனக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது. ஒரே கிளையில் முதலில் எழுதியது தடி வேலை, பிறகு எழுதியது மணி. பின்னால் பிறந்த தம்பி வீட்டுக்குள் வந்து மணி அடித்துக்கொண்டிருக்கிறான், அண்ணனைக் காணோம். எழுதாமல் ஏமாற்றியிருந்தால் இப்படி ஆகாது. தடி வேலை ஏற்கெனவே மெயினில் இருக்கிறது என்று கருவி நினைத்திருந்தால்தான் இப்படி ஆகும். அப்படி நினைக்க வைத்தது யார்?

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு கிளைகளைச் சேர்க்கும்போது கருவி முதலில் பார்ப்பது, இவை இரண்டும் எங்கே பிரிந்தன என்பதை. இரண்டு பக்கமும் பின்னால் நடந்து நடந்து போய், இரண்டுக்கும் பொதுவாக இருந்த கடைசி நிலையைப் பிடிக்கும். அதற்குப் பொது மூதாதை என்று பெயர். பாகப்பிரிவினை மாதிரிதான். எது பரம்பரைச் சொத்து, எது அவரவர் சம்பாத்தியம் என்று தெரியாமல் எப்படிப் பங்கு போடுவது? மூதாதையிடம் இல்லாதது ஒரு பக்கத்தில் புதிதாக இருந்தால் அது சம்பாத்தியம், சேர்த்துக்கொள்ளும். மூதாதையிடம் இருந்தது ஒரு பக்கத்தில் அப்படியே இருந்து, இன்னொரு பக்கத்தில் இல்லையென்றால், அவர்கள் வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று அதையே முடிவாக எடுத்துக்கொள்ளும். ஒரு வார்த்தை கேட்காது. மூதாதையைத் தப்பாகப் பிடித்தால் மொத்தக் கணக்கும் தப்பு.

அந்தக் கிளையைக் கடைசியாக மெயினில் சேர்த்தது நான்தான். ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் வழுக்கிக்கொண்டு சேர்ந்தது என்று அன்று பெருமையாக டீ குடித்ததுகூட நினைவிருக்கிறது. அந்த மெர்ஜை எடுத்து வைத்துக்கொண்டு, இதற்கு எதை மூதாதையாகப் பிடித்தாய் என்று கருவியைக் கேட்டேன். நியாயமாகப் பார்த்தால், அவள் கிளை பிரித்துக்கொண்டு போன பழைய இடத்தைக் காட்டியிருக்க வேண்டும். அது காட்டியது வேறு. திறந்து பார்த்தேன். உள்ளே, வரி பிசகாமல், தடி வேலை. கீழே என் நாத்தனாரின் பெயர், மணிக்கு வெகு முந்தைய தேதி.

எல்லோரும் வாரிசுகளிடம் தேடிக்கொண்டிருந்த பொருள் மூதாதையின் கையில் இருந்தது.

"இந்தா, உன்னோடதுதானே?" என்றேன்.

அவள் எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். வெகுநேரம் படித்தாள். "என்னோடதுதான்" என்றாள். பிறகு, "அந்த மூணாவது வரியில இடைவெளி சரியில்ல. அப்பவே திருத்தியிருக்கணும்" என்றாள். சொன்னேனே, இவளோடு இதுதான் பாடு.

இன்னும் ஒன்று பாக்கி. அவள் எழுதியது மூதாதை ஆக வேண்டுமென்றால், எனக்கு முன்னால் யாரோ ஒருமுறை அந்தக் கிளையை மெயினில் சேர்த்திருக்க வேண்டும். தேடினேன். நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் வீங்கிக் கிடந்த வாரத்தில் ஒரு மெர்ஜ் இருந்தது. போட்டவர் மேனேஜர். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கை வைத்திருந்தால் கருவி நின்று, எதை எடுக்க என்று கேட்கும். கேட்ட எல்லா இடத்திலும் அவர், 'நம்முடையதையே வைத்துக்கொள்', அதாவது மெயினில் இருப்பதே போதும், என்று அழுத்தியிருந்தார். நாத்தனார் எழுதியதில் ஒரு வரிகூட உள்ளே வரவில்லை. ஆனால் இரண்டு கிளையும் சேர்ந்தது என்று பதிவாகிவிட்டது. பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கல்யாணம் முடிந்தது என்று ரிஜிஸ்டரில் எழுதின கதை. அதற்குப் பிறகு நான் அந்தக் கிளையை எத்தனை முறை சேர்த்தாலும், தடி வேலை பழைய சொத்து, மெயின்காரர்கள் வேண்டாமென்று விட்டது என்றுதான் கருவி சொல்லும். வரலாற்றுப் பக்கத்தில் அவள் பெயர் தெரியாததற்கும் இதுதான் காரணம். இப்போது இருப்பது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கமாகத்தான் அந்த வரலாறு பின்னால் நடந்து போகும். தூக்கியெறிந்த பக்கத்தை எட்டிப் பார்க்காது.

மேனேஜர் அறைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சாத்துவதற்குள் கதவை நானே விரியத் திறந்து வைத்தேன். திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கடைசியாக அவர் பெயரைக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு அந்த ஷாப்பிங் சென்டர் டெலிவரி. கேள்வி மேல கேள்வி கேட்டுச்சு. நம்மளோடதையே வெச்சுக்கோன்னு எல்லாத்துக்கும் கொடுத்துட்டேன். அப்புறம் நீங்க வந்து மிச்சத்தைச் சேத்துக்குவீங்கன்னு..."

"எப்படிச் சேரும் சார்? சேந்தாச்சுன்னு நீங்கதான் எழுதி வெச்சுட்டீங்களே."

அவர் நாத்தனார் பக்கம் திரும்பவில்லை. என்னிடம்தான் கேட்டார். "இன்ஜினியர்கிட்ட டூல் பிரச்சினைன்னு சொல்லிடலாமா?"

"டூல் சொன்னதைச் செஞ்சுச்சு. அதுக்கு வாய் இல்ல. எனக்கு இருக்கு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

அவர் பதிலுக்கு நிற்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சாப்பாட்டுக்குள் வேலை இருந்தது.

என் மேஜையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இந்தமுறை மூதாதையைத் தேடும் வேலையைக் கருவியிடம் விடவில்லை. அவள் உண்மையில் பிரிந்துபோன இடத்தை நானே கையால் கொடுத்தேன். உடனே திரை முழுக்கச் சண்டை. எனக்கு அதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. சண்டை வந்தால் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். இடது பக்கம் மெயின், வலது பக்கம் அவள் எழுதியது, நடுவில் இரண்டுக்கும் பொதுவான பழையது. நடுவில் இருப்பதைப் பார்த்தால்தான் யார் எதை ஏன் மாற்றினார்கள் என்று புரியும். கடைகளில் கூட்டம் சீக்கிரம் ஏற வேண்டுமென்று மெயினில் கதவு காத்திருக்கும் நேரத்தைக் குறைத்திருந்தார்கள். இவள் தடியைக் கவனிக்க வேண்டுமென்று அதே இடத்தில் நேரத்தைக் கூட்டியிருந்தாள்.

"ரெண்டுல எது?" என்றேன். கதவு எனக்குத் தெரியாத வித்தை.

"ரெண்டும். காத்திருக்கறது அவங்க சொன்ன மாதிரி கம்மியா இருக்கட்டும். மூட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் ஏதாவது தட்டுப்பட்டா என்னோடது வரட்டும்." அவளே தட்டினாள். சளைக்காமல், ஒரு வரிகூட அழித்தெழுதாமல். இவ்வளவு நன்றாக வேலை செய்வாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

தட்டிக்கொண்டே கேட்டாள். "மேனேஜர் சொன்னப்போ நீங்க நம்பலியா அண்ணி?"

"உன்னையா? என் பாத்திரத்துல அழுக்கு இருந்தா என் மூஞ்சிக்கு நேரா சொல்றவ நீ. ஒரு நாள், ஒரு பேச்சுக்காவது, நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா?"

"நல்லா இருந்தா சொல்லியிருப்பேன்."

"இதுதான். இந்த வாய் எப்படிப் பொய் ரிப்போர்ட் எழுதும்?"

அவள் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சாப்பாடு முடிந்து ஆஸ்பத்திரி இன்ஜினியர் வந்தார். உடைந்த கைத்தடியின் ஒரு பாதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பின்கட்டில் டெஸ்ட் லிஃப்ட் முன்னால் எல்லோரும் நின்றோம். பெயின்ட் அடிக்காத சிமென்ட் சுவர், தொங்குகிற ஒயர், ஒற்றை லிஃப்ட். புது மெர்ஜை அதில் ஏற்றியிருந்தோம். மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பு என்னோடது. இவங்க எழுதினதை நான்தான் விட்டுட்டேன். இவங்க ரிப்போர்ட் சரிதான்" என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னாரே, அதற்கு ஒரு கும்பிடு.

இன்ஜினியர் முகம் இளகவில்லை. பாதித் தடியைக் கதவுக்கு நடுவே நீட்டினார். மணி அடித்தது. கதவு வந்தது, நின்றது, திறந்தது. மறுபடி நீட்டினார். மறுபடி திறந்தது.

"தடிக்குத் திறக்குது. சரி. போன தடவையும் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தீங்க. என் ஆஸ்பத்திரியில நிக்கறது தடி இல்ல, ஆளுங்க." மேனேஜரைப் பார்த்தார். "நீங்க உங்க கையை வைப்பீங்களா?"

மேனேஜர் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிற்று. நாத்தனார் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். நான் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன்.

"எழுதினவ கை வைச்சா அது வீம்பு. சேத்து வைச்சது நான். என் கைதான் வைக்கணும்."

"அண்ணி, வேண்டாம். இன்னொரு தடவை தடியில பாத்துடலாம்."

"நீ எழுதினது வேலை செய்யுமா, செய்யாதா?"

"செய்யும்."

"அப்போ வாயை மூடிக்கிட்டு நில்லு."

சுண்டுவிரலை மட்டும் நீட்டினேன். தடியைவிட மெல்லிசு அதுதான். மணி அடித்தது. கதவு கிளம்பியது. எனக்குப் பயமில்லை என்று சொன்னால் நாத்தனாரே நம்பமாட்டாள். ஆனால் விரலை எடுக்கத் தோன்றவில்லை. கதவின் ரப்பர் விளிம்பு வந்து, விரலைத் தொடாமல் நின்று, பின்வாங்கிப் போயிற்று.

இன்ஜினியர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "யார் எழுதினதுன்னு சொன்னீங்க?"

"என் நாத்தனார்" என்றேன். ஆபீசில் அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் சொன்னதில்லை.

அவர் அவளிடம் போய்க் கைகுலுக்கினார். ஆஸ்பத்திரியின் மற்ற லிஃப்ட்டுகளுக்கும் அவளையே அனுப்பச் சொல்லி மேனேஜரிடம் கேட்டார். மேனேஜர் தலையாட்டிக்கொண்டே அவரைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். லிஃப்ட் கதவு தன்பாட்டுக்கு மூடிக்கொண்டது.

நாத்தனார் என் கையைப் பிடித்துச் சுண்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். ஆபீசில், வீட்டில், வந்த அன்று, எங்கேயும் அழாதவள்.

"அதான் முடிஞ்சுதே. இப்ப என்ன?"

"தடி உடைஞ்சது நேத்து ராத்திரியே எனக்குத் தெரியும் அண்ணி. காலையிலயே எல்லாத்தையும் மடிச்சு ஒரு பைல எடுத்துட்டு வந்துட்டேன். என் மேஜைக்கு அடியில இருக்கு. இன்னிக்கு வேலை போயிடுச்சுன்னா, உங்ககிட்ட சொல்லிக்காம ஆபீஸ்லேர்ந்தே நேரா அங்க போயிடணும்னு. அவருக்குப் போன் பண்ணி வரேன்னுகூட சொல்லிட்டேன்."

அவள் என் வீட்டை விட்டு எப்போது போவாள் என்று எத்தனையோ காலையில் நினைத்தவள் நான். இப்படிப் போவாள் என்று ஒரு காலையிலும் நினைத்ததில்லை.

"போனை எடு" என்றேன். "வரலைன்னு சொல்லு. இப்பவே, என் முன்னாடி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்த சத்தம் எனக்கும் கேட்டது. "நான் வரல" என்றாள். அவன் ஏதோ கத்தினான். அவள் குரலை உயர்த்தவில்லை. "இல்ல. வேலை போகல. போனாலும் வரமாட்டேன். எங்க அண்ணி இருக்காங்க."